நின்ற திக்கல் பொங்கலுக்குப் பிறகு திரும்பிவிட்டது: முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணவரோடு வேலை பார்க்கும் ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

மகனுக்கு 5 வயது 4 மாதம். யூ.கே.ஜி. படிக்கிறான். மூன்றரை வயதில் திக்க ஆரம்பித்தான். "நா-நா-நா-நான்" என்று முதல் எழுத்திலேயே சுற்றுவான். சில நேரம் வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. போன மே மாதம் சேலத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் சேர்த்தார்கள். வாரம் ஒரு நாள் மலையிறங்கிப் போவது, வீட்டில் தினமும் கால் மணி நேரம் பயிற்சி, இரவில் திக்கலுக்கு ஒரு மதிப்பெண். ஐந்து மாதத்தில் 6-ல் இருந்த மதிப்பெண் 0-க்கும் 1-க்கும் இறங்கிவிட்டது. "இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை வாருங்கள்" என்றார் நிபுணர். இரண்டு தடவை போனார்கள். அதற்குள் நவம்பர் வந்தது, காபிப் பழம் பறிக்கும் வேலை தலைக்கு மேல். பையனும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். போவது நின்றது, பயிற்சி நின்றது, மதிப்பெண் போடுவதும் நின்றது.

பொங்கலுக்கு அம்மாபேட்டையில் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கியபோது காய்ச்சல். ஊர் திரும்பிய வாரத்தில் திக்கல் மறுபடி தலைகாட்டியது. இப்போது ஏழு வாரம் ஆகிறது. பேச ஆரம்பிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான், "நீயே சொல்லும்மா" என்கிறான். கணவர் "நிறுத்தி, மூச்சை இழுத்துப் பேசு" என்கிறார். மாமியார் "தானாகச் சரியாகும்" என்கிறார், நாக்கில் வசம்பும் தடவுகிறார். திக்கிப் பேசும் சித்தப்பாவைப் பார்த்துத்தான் பையன் கற்றுக்கொண்டான் என்பது அவர் கணிப்பு. இங்கிலீஷ் மீடியத்தை விட்டுவிடலாமா, நாக்கின் அடியில் வெட்டிவிட்டால் சரியாகுமா, ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேரும்வரை பொறுத்துப் பார்க்கலாமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "அத்தனை மாதம் போய் வந்தது எல்லாம் வீணா? நான் நிறுத்தியதால்தான் வந்ததா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வீண் இல்லை. ஐந்து மாதத்தில் 6-லிருந்து 0-க்கு இறங்கிய குழந்தை, சரளமாகப் பேச முடியும் என்பதைக் காட்டிவிட்டான். அவனுக்கு எது உதவுகிறது என்பதும், அதை எப்படிச் செய்வது என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை இறங்குபவர்களுக்கு இது பெரிய கைமுதல்.

நீங்கள் நிறுத்தியதாலா என்று கேட்டால், திக்கல் வந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. அது திரும்பி வந்ததில், சந்திப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் இரண்டாம் கட்டம் பாதியில் நின்றதற்குப் பங்கு இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் கட்டத்தை ஒழுங்காக முடித்த குழந்தைகளுக்கும் சில சமயம் திரும்புகிறது. நியூசிலாந்தில் சிகிச்சை முடித்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுக்கு மேல் சரளமாகப் பேசியபின் மறுபடி திக்கியவர்களும் சிலர் இருந்தார்கள். அதனால் குற்ற உணர்ச்சியில் இன்னொரு வாரத்தைக் கழிக்க வேண்டாம். அந்த வாரம் பையனுக்கு வேண்டும்.

ஏன் திரும்பியது

நீங்கள் விவரிக்கும் தினசரிப் பயிற்சி, இரவு மதிப்பெண் எல்லாம் லிட்கம் முறை. சிட்னி நகரின் ஒரு பகுதியின் பெயர் அது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்றே உருவான சிகிச்சை. நிபுணர் பெற்றோருக்குக் கற்றுத் தருவார், பெற்றோர் வீட்டில், சரளமாக வரும் பேச்சைப் பாராட்டி, குழந்தைக்குச் செய்வார்கள். இதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் திக்கலை இறக்குவது. இரண்டாம் கட்டம் இறங்கியதை அங்கேயே நிறுத்திவைப்பது.

பலரும் இரண்டாம் கட்டத்தைச் 'சும்மா காட்டிவிட்டு வரும்' வேலையாக நினைக்கிறார்கள். நோய் சரியாகிவிட்டது, டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. அதுவும் சிகிச்சைதான். தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மாட்டோம் அல்லவா? மேலே பார்த்தால் இறுகினதுபோலத்தான் இருக்கும். உங்கள் மகனின் சரளம் நவம்பரில் அந்த நிலையில் இருந்தது. தாங்கிக்கொண்டிருந்தது உங்கள் பாராட்டும் தினசரிப் பயிற்சியும். அவை கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்க வேண்டும், ஒரே வாரத்தில் விலகின. அதன்பின் காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவுகள், வீடு நிறைய ஆட்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பாரம் ஏறியது. இவை திக்கலை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அந்தப் போக்கு உள்ள குழந்தைக்குச் சில நாள் கூட்டிவிடும். தாங்கு இருந்திருந்தால் நாலு நாளில் அடங்கியிருக்கக்கூடிய ஏற்றம், இல்லாததால் தங்கிவிட்டிருக்கலாம்.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பவற்றில் கவலை தருவது ஒன்று உண்டு. பாராட்டு நின்றுவிட்டது, திருத்தம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. "நிறுத்து, மூச்சை இழு, மறுபடி சொல்லு." அப்பா அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் குழந்தையின் காதில் விழுவது 'உன் பேச்சு தப்பு' என்பதுதான். மூச்சை இழுப்பது பேச்சைச் சீராக்குவதில்லை. சில குழந்தைகள் திக்கலோடு சேர்த்து அந்த மூச்சிழுப்பையும் பழக்கமாக்கிக்கொள்வார்கள். கையால் வாயை மூடுவதும், "நீயே சொல்லு" என்பதும், தன் பேச்சை அவன் கவனிக்கத் தொடங்கிவிட்டான், அதிலிருந்து விலகப் பார்க்கிறான் என்பதற்கான அடையாளம். ஜூன்வரை பொறுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

'தானாகச் சரியாகும்' என்பது எவ்வளவு உண்மை

மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நூற்றில் ஐந்து குழந்தைகளாவது ஏதாவது ஒரு காலத்தில் திக்குகிறார்கள், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் திக்குகிறார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது விலகிப்போகிறது. ஆனால் உங்கள் மகன் அந்தப் பெரும்பான்மையில் இருப்பான் என்று நம்பிக் காத்திருக்க முடியாத அளவுக்கு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. அவன் ஆண் குழந்தை. அப்பா வழியில் பெரியவரான பின்னும் திக்கும் ஒருவர் இருக்கிறார். ஆரம்பித்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகிறது. ஒருமுறை நின்று மறுபடி வந்திருக்கிறது. பள்ளி வயதுக்குள் நுழைந்தபின் இதைக் கட்டுப்படுத்துவது கடினமாகிக்கொண்டே போகும். காத்திருந்தால் இழப்பு இருக்கிறது, இப்போதே போனால் இழப்பு ஒன்றுமில்லை.

சித்தப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. திக்கல் பார்த்துப் பிடிப்பதல்ல, பெரும்பாலும் ரத்த உறவில் வருவது. 2010-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பாகிஸ்தானில் பல தலைமுறையாகத் திக்கும் குடும்பங்களைத் தொடர்ந்து சென்று, ஜி.என்.பி.டி.ஏ.பி. என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். எல்லாருக்கும் காரணம் அந்த ஒரு மரபணு இல்லை, ஆனால் இது வளர்ப்பின் குற்றம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சித்தப்பாவைப் பையனிடமிருந்து விலக்கி வைக்காதீர்கள். திக்கினாலும் தயங்காமல் பேசும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பது அவனுக்கு நல்லது.

ரைம்ஸ் சொல்லும்போது திக்குவதே இல்லை, அப்படியானால் பேசும்போது வேண்டுமென்றே செய்கிறானா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்குபவர்களில் அநேகருக்குத் திக்கல் மறைந்துவிடும். சொந்தமாக வாக்கியம் கட்டி, எதிராளி காத்திருக்க, சொல்ல வரும்போதுதான் முட்டும். திக்கலின் இயல்பே அது.

இங்கிலீஷ் மீடியத்தை இதற்காக மாற்ற வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருவதில்லை. வீட்டில் பயிற்சி மட்டும் அவனுக்கு எளிதாக வரும் மொழியில், அதாவது தமிழில், நடக்கட்டும். நாக்கை வெட்டுவதற்கும் திக்கலுக்கும் தொடர்பில்லை. அடி நாக்குச் சதை இழுத்துப் பிடித்திருந்தால் குழந்தை பால் குடிப்பதிலும் சில எழுத்துகளின் உச்சரிப்பிலும் சிரமம் வரலாம். "நா-நா-நான்" என்பது உச்சரிப்புக் கோளாறு அல்ல, மூன்றாவது தடவை 'நான்' சரியாகத்தானே வருகிறது.

வசம்பை நிறுத்தச் சொல்லுங்கள், மாமியாருக்கு மனம் நோகாதபடி. 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பேரோடு நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் பொருள்தான். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் பாதுகாப்பானதல்ல என்பதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டார்கள். திக்கலுக்கு அதனால் பலனும் இல்லை. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைக்கும் யோசனையை யாராவது சொன்னால் அன்றே மறுத்துவிடுங்கள். ஐந்து வயதில் அது தொண்டையில் போய் அடைக்கும்.

இன்று இரவிலிருந்து: மதிப்பெண்

நிபுணரைப் பார்ப்பதற்கு முன்பே இதைத் தொடங்கலாம். சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் போதும். இரவு அவன் தூங்கியதும், அன்று முழுவதையும் நினைத்துப் பார்த்து, அந்தத் தேதிக்குக் கீழே ஓர் எண். 0 என்றால் திக்கலே இல்லை. 1 என்றால் மிக மிக லேசு, வெளியாள் கவனிக்க மாட்டார். 9 என்றால் எந்தக் குழந்தையிடமும் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கடுமையான திக்கல். ஒரே ஆள் போடுங்கள். நீங்கள் ஒரு நாள், கணவர் ஒரு நாள் என்று போட்டால் அளவு மாறிவிடும். "அது வந்து... நேத்து... நேத்து நாங்க போனப்ப" என்று யோசித்து யோசித்துப் பேசுவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, அதை எண்ணாதீர்கள். முதல் எழுத்து திரும்பத் திரும்ப வருவது, "ம்ம்ம்ம்மாமா" என்று இழுபடுவது, சத்தம் வராமல் அடைபடுவது ஆகிய மூன்றும்தான் கணக்கு.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெற்றோர் பலர் தவறுகிறார்கள். மூன்று வாரங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதல் வாரம்: 0, 1, 0, 0, 1, 0, 0. இது நிலைபெற்ற வாரம். எல்லாமே 0 அல்லது 1, அதில் குறைந்தது நான்கு 0. மூன்று வாரம் தொடர்ந்து இப்படி இருந்து, நிபுணரும் தன் பங்குக்கு 0 அல்லது 1 போட்டால்தான் இரண்டாம் கட்டம் தொடங்கும்.

இரண்டாம் வாரம்: 0, 0, 4, 1, 0, 0, 0. நடுவில் இருக்கும் 4-ஐப் பார்த்து வீடே கலங்கும். அன்று ஒரு கல்யாணம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூங்கினான். மறுநாளே இறங்கிவிட்டது. குறித்துவைத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

மூன்றாம் வாரம்: 1, 1, 2, 1, 2, 2, 2. பெரிய எண்ணே இல்லை. "பரவாயில்லை, லேசாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து இந்த வாரத்தில்தான் இருக்கிறது. ஒரு 0 கூட இல்லை, வாரக் கடைசியில் 2 தங்கிவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் உங்கள் வீட்டுக் காலண்டரில் எண் எழுதியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஏறினால் கவனியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 2 அல்லது அதற்கு மேல் இருந்தால், குறைத்திருந்த பயிற்சியை உடனே தினசரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரமாகியும் இறங்கவில்லையென்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நிபுணரைக் கூப்பிடுங்கள். வலிப்பு, தலையில் அடி இவற்றுக்குப் பிறகு திடீரெனப் பேச்சு மாறினால் மட்டும் பேச்சுப் பயிற்சிக்கு முன் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

பத்துப் பதினைந்து நிமிடம்: எப்படி, எவ்வளவு

பயிற்சிக்கு நல்ல நேரம் காலை. அவன் களைத்துப்போன மாலை வேண்டாம். டி.வி. அணைந்திருக்கட்டும், வேறு யாரும் இல்லாமல் நீங்களும் அவனும் மட்டும். திண்ணையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே செய்யலாம், படப் புத்தகம் வைத்தும் செய்யலாம். நோக்கம் ஒன்றுதான்: அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் அவன் ஏறத்தாழ திக்கவே கூடாது. அதற்கு அவனைச் சொல்லிப் பயனில்லை. உங்கள் கேள்வியின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

"இது யானையா, குதிரையா?" என்றால் ஒரு சொல்லில் பதில் வரும். "யானை என்ன பண்ணுது?" என்றால் இரண்டு மூன்று சொல். "இந்தப் பக்கத்துல என்னல்லாம் நடக்குது?" என்றால் நீளமாகப் பேசுவான். முட்ட ஆரம்பித்தால் ஒரு படி இறங்குங்கள், தடையில்லாமல் போனால் ஒரு படி ஏறுங்கள்.

"இது யானையா, குதிரையா?"
"யானை."
"அட, சர்ருன்னு வந்துச்சே!"
"யானை தண்ணி குடிக்குது."
(இங்கே ஒன்றும் சொல்ல வேண்டாம். புத்தகத்தைப் பார்த்துச் சிரியுங்கள், போதும்.)
"அப்பறம்?"
"கு-கு-குட்டி அங்க நிக்குது."
"குட்டி கொஞ்சம் முட்டிக்கிச்சு, பரவால்ல. குட்டி எங்க நிக்குது?"
"அம்மாகிட்ட."
"வழுக்கிக்கிட்டு வந்துச்சு கண்ணு."

சரளமான பேச்சுக்குச் சொல்லும் பாராட்டு குறைந்தது ஐந்து இருந்தால்தான் திக்கலைப் பற்றி ஒன்று சொல்லலாம். கணக்கு பிசகாமலிருக்க ஐந்து புளியங்கொட்டையை இடது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒன்று வலது பக்கம் போகட்டும். ஐந்தும் போகும்வரை முட்டியதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இப்போதைக்கு, வாயை மூடிக்கொள்ளும் நிலையில் அவன் இருப்பதால், நிபுணரைப் பார்க்கும்வரை முட்டியதைப் பற்றி எதுவுமே சொல்லாமல் பாராட்டு மட்டும் போதும். மேலே காட்டியது உரையாடலின் ஒரு துண்டுதான்; அதில் 'முட்டிக்கிச்சு' என்ற வரி அதற்குப் பிறகு, அதுவும் ஐந்து பாராட்டு ஆனபின், சேர்வது. அவன் "அப்படிச் சொல்லாதே" என்று முகம் சுளித்தால் அதற்குப் பிறகும் சேர்க்க வேண்டாம், நிபுணரிடம் சொல்லுங்கள்.

பாராட்டையும் அளந்து கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சூப்பர், சூப்பர்" என்றால் அவன் கேட்பதை விட்டுவிடுவான். எது நன்றாக வந்தது என்று சொல்லுங்கள். "நல்ல பையன்" என்பது அவனைப் பற்றியது, "சர்ருன்னு வந்துச்சு" என்பது பேச்சைப் பற்றியது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பயிற்சி திண்ணையோடு நின்றுவிட்டால் சரளமும் திண்ணையோடு நின்றுவிடும். திக்கல் திரும்பும் வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். படப் புத்தகத்தின் முன் 0, பஸ் ஸ்டாப்பில் 4. ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்து குளிப்பாட்டும்போது ஒன்று, கடைக்குப் போகும் வழியில் ஒன்று, சாப்பிடும்போது ஒன்று என்று நாள் முழுக்க அந்தப் பாராட்டு சிதறிக் கிடக்கட்டும். அப்பாவும் இதில் சேர வேண்டும். "மூச்சை இழு"வுக்குப் பதில் அவர் செய்ய வேண்டியது சுலபம். பையன் பேசி முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்வது. தன் பேச்சைக் கொஞ்சம் நிதானமாக்கிக்கொள்வது. அவன் சொல்லை இவர் முடித்துவைக்காமல் இருப்பது.

"நீயே சொல்லு" என்று அவன் சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள், அவனுக்காக உடனே சொல்லியும் விடாதீர்கள். "ரெண்டு பேரும் சேந்து சொல்லலாமா?" என்று கேட்டு ஒரே குரலில் சொல்லுங்கள். சேர்ந்து சொல்லும்போது திக்கல் இறங்கும். அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்தும் வந்திருக்கும்.

எங்கே போவது

பழைய நிபுணரிடமே போங்கள் என்பேன். அவரிடம் உங்கள் மகனின் பழைய மதிப்பெண்கள் இருக்கின்றன. பாதியில் நின்றதற்குக் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், திரும்பி வருகிறவர்கள் அவருக்குப் புதிதல்ல. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்றால், வாரம் ஒருமுறை சந்திப்பு மறுபடி தேவைப்படும். ஆனால் பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் செலவான காலம் இந்தத் தடவை தேவைப்படாது.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதை வாராவாரம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றால், ஒரு வாரம் நேரில், ஒரு வாரம் வீடியோ காலில் என்று கேளுங்கள். இதே சிகிச்சையை வீடியோ வழியாகக் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வு 2016-இல் வெளியானது. நேரில் வந்தவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு அது குறையவில்லை. மேலே சிக்னல் நிற்காது என்றால், ஐந்து நிமிடப் பயிற்சியைப் போனில் பதிவுசெய்து, இறங்கும் நாளில் அனுப்பிவிடலாம். நிபுணர் கேட்க வேண்டியது உங்கள் குரலையும்தான்.

செலவு தாங்காது என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றியும், குழந்தைகளின் உடல்நலக் குறைகளைக் கண்டறியும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-வின் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையம் பற்றியும் விசாரியுங்கள். மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இன்னொரு வழி. தூரம் அதிகம், ஆனால் ஒரு முறை முழுமையாகப் பரிசோதித்துத் திட்டம் வாங்கி வர ஏற்ற இடம். புது ஆளிடம் போவதாக இருந்தால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண், அதாவது சி.ஆர்.ஆர். எண், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'பத்து நாளில் திக்குவாய் குணம்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.

லிட்கம் முறையே தப்பு, வேறு முறைக்கு மாறுங்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் சூழலின் அவசரத்தையும் அழுத்தத்தையும் குறைத்து, குழந்தையின் திறனைக் கூட்டும் இன்னொரு முறை இருக்கிறது. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகனுக்கு ஒரு முறை ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது. பாதியில் நின்ற அதை முடித்துப் பார்க்காமல் மாறுவதற்குக் காரணம் தெரியவில்லை.

பள்ளியில்

வகுப்பு ஆசிரியையிடம் ஒரு தடவை நேரில் பேசுங்கள், மூன்றே கோரிக்கைகள். அட்டெண்டன்ஸில் "எஸ் மிஸ்" சொல்ல முட்டினால் கை தூக்கினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாமா? அவன் பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்க முடியுமா? மற்ற குழந்தைகள் அவனைப்போல் பேசிக் காட்டினால், அவன் முன்னால் வைத்து அல்லாமல், தனியாகக் கண்டிப்பீர்களா? ஆண்டு விழாவில் அவனை ஒதுக்க வேண்டாம், பலரோடு சேர்ந்து சொல்லும் பகுதியைக் கொடுக்கச் சொல்லுங்கள். யாராவது கேலியைத் தண்டனையாகப் பயன்படுத்தினால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையான குழந்தைகளுக்கானது. அதன் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. நவம்பரில் உங்கள் மகனுக்கு ஆறு முடிகிறது, அதற்கு முன்னும் அந்த அளவுகோலைப் பள்ளிக்கு நினைவூட்டலாம்.

இந்த முறை தாங்கை எப்படி எடுப்பது

மூன்று நல்ல வாரம் வந்ததும் இரண்டாம் கட்டம். சந்திப்புகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலும் 2 வாரம் இருமுறை, 4 வாரம் இருமுறை, 8 வாரம் இருமுறை, பிறகு 16 வாரம் என்று நீளும். கூட்டிப் பார்த்தால் 44 வாரம். இந்த எண் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஏழு சந்திப்புகள்தான்.

வீட்டில் இதே வேகத்தில்தான் குறைக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் பயிற்சி வாரம் 7 நாளிலிருந்து 5, பிறகு 3, பிறகு 1. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம் நில்லுங்கள். அந்த இரண்டு வாரமும் 0, 1 என்றே இருந்தால் மட்டும் அடுத்த படி. நாள் முழுக்கச் சிதறிக் கிடந்த பாராட்டையும் அப்படியே குறையுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் குறைக்காதீர்கள். ஏறினால் எதனால் ஏறியது என்று தெரியாமல் போய்விடும். மதிப்பெண் போடுவதைக் கடைசியாக நிறுத்துங்கள், முழு ஒரு வருடம் போகட்டும். அது அரை நிமிட வேலை. ஜூனில் ஒன்றாம் வகுப்பு தொடங்கும் முதல் நான்கு வாரம் எதையும் குறைக்க வேண்டாம். காய்ச்சல், வீடு மாறுவது, பண்டிகைக்கு ஊருக்குப் போவது எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஒன்று கவனித்தேன். மார்ச்சில் தொடங்கினால் இரண்டாம் கட்டத்தின் நடுப்பகுதி, 4 வாரமும் 8 வாரமுமான இடைவெளிகள், ஏறத்தாழ நவம்பர் முதல் ஜனவரிவரை வந்து விழும். மறுபடியும் பழம் பறிக்கும் காலம், போன தடவை அறுந்த அதே இடம். முதல் சந்திப்பிலேயே இதை நிபுணரிடம் சொல்லி அந்த மாதங்களின் சந்திப்புகளை வீடியோவுக்கு மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். நேரில்தான் வர வேண்டும் என்றால் யார் அழைத்துப் போவது என்று இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். சித்தப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.